டாக்டரிடம் கேளுங்கள்: கர்ப்ப காலத்தில் அம்மை வந்தால்...

கேள்வி: எனக்கு 28 வயது, இப்போது ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதத்தில் லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூன்று நாளில் போய்விட்டது. அம்மை போட்டிருக்கிறது என்று மாமியார் வேப்பிலை வைத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகவிடவில்லை. ஸ்கேன் நார்மல். ஆனாலும் குழந்தையின் மூளை வளர்ச்சி, பேச்சு பாதிக்குமோ என்று தூக்கமே வரமாட்டேன் என்கிறது. மூத்தவனுக்கு இரண்டரை வயது.
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வேப்பிலையால் ஒரு கெடுதலும் இல்லை, எந்த அம்மை என்று பார்க்காமல் விட்டதுதான் சிக்கல். சின்னம்மையில் கொப்புளம் நீர் கோத்து, பிறகு பொருக்குத் தட்டும். அது முதல் 20 வாரத்துக்குள் வந்தாலும் குழந்தையைப் பாதிப்பது நூற்றில் ஒன்றிரண்டுதான். வெறும் தடிப்பு மூன்று நாளில் மறைந்தது என்றால் ரூபெல்லா என்கிற ஜெர்மன் அம்மையைச் சந்தேகப்பட வேண்டும், வேறு வைரஸாகவும் ஒவ்வாமையாகவும்கூட இருக்கலாம். ரூபெல்லா தாயைப் பெரிதாகப் படுத்தாது. ஆனால் கண், காது, இதயம் உருவாகிற முதல் 12 வாரத்தில் வந்தால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளைப் பாதித்துவிடும். 20 வாரம் தாண்டினால் அபூர்வம். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்து விசாரித்தபோதுதான் உலகத்துக்கே இது தெரியவந்தது.

2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. உங்களுக்கு அப்போது வயது தாண்டியிருக்கும். இப்போதும் போட முடியாது, அது உயிருள்ள வைரஸ் ஊசி, பிரசவத்துக்குப் பிறகுதான். ஆகவே தள்ளிப்போடாமல் ரத்தத்தில் ரூபெல்லா ஐஜிஜி, ஐஜிஎம் (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள்) பாருங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தும் ஐஜிஜி இல்லவே இல்லை என்றால் வந்தது ரூபெல்லா அல்ல, நிம்மதியாகத் தூங்குங்கள். இருந்தால் சிறுவயதில் வந்துபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம், அதனால் அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கலங்காமல், ஒப்பிட்டுப் பார்க்க, கர்ப்பத் தொடக்கத்தில் எடுத்த ரத்த மாதிரி லேபில் இருக்கிறதா என்று கேட்டு, கருநல மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்கேன் நார்மல் என்பது நல்ல சேதிதான். ஆனால் காது கேட்கிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. குழந்தை பிறந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே காதில் சிறு கருவி வைத்துப் பார்க்கும் ஓஏஇ டெஸ்ட் செய்துவிடுங்கள். ரூபெல்லா உறுதியானால் அதில் பாஸானாலும் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். பேச்சு வரவில்லையே என்றால், "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் காதைப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சைட்டோமெகலோ என்றொரு வைரஸ் இருக்கிறது, குழந்தைகளின் செவித்திறனைப் பறிப்பதில் ரூபெல்லாவுக்குக் குறைந்ததில்லை. இது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும், பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. மூத்தவன் மிச்சம் வைத்த பருப்புச் சோற்றை வழித்து உங்கள் வாயில் போட்டுக்கொள்வீர்கள்தானே? பிரசவம் வரை அதை நிறுத்துங்கள். அவனுக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்களே, பொறுத்துக்கொள்ளலாமா?
- இன்னொரு வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம். கடும் காய்ச்சல், முக்கியமாக முதல் சில வாரங்களில், கருவுக்கு நல்லதல்ல. டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம். இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம், அதுவும் 20 வாரத்துக்குப் பிறகு கூடவே கூடாது. சாதாரண சளி, தும்மலுக்குப் பிள்ளையின் மூளை பாதிக்காது. ஃப்ளூ ஊசி எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம், அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது.