கடைத்தெருவும் நகராட்சியும்: கொரோனா கால நிவாரணம் பற்றிய கேள்வி பதில்

டெல்டா வியாபாரிகளும் மற்றவர்களும் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். நகராட்சி வருவாய்ப் பிரிவில் கடை வாடகை, ஏலம், தரைக்கடைக் குத்தகை (தெருவில் விற்பவர்களிடம் தினக் கட்டணம் வசூலிக்கும் உரிமை) பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த எல்லைக்குள் இருப்பதை விரிவாகச் சொல்வேன்.

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): சார், பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நகரம் உள்ளூர் வியாபாரத்துக்கு என்ன செய்ய முடியும்? ப்ராஜெக்ட்டுக்கு வேண்டும்.

பதில்: கடன், வட்டி, வரி எல்லாம் டில்லியும் சென்னையும் முடிவு செய்பவை. நகராட்சியின் கையில் இருப்பவை மூன்று: தன் கட்டடங்களில் இருக்கும் கடைகளின் வாடகை, வியாபாரம் செய்ய இடம், இன்னார் வியாபாரி என்று சொல்லும் சான்று. மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆனால் மற்ற உதவிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ப்ராஜெக்ட்டில் இதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதாவது ஊரடங்குக் காலம் முழுவதும் நம் ஊர்களில் கவுன்சிலரே கிடையாது. ஒரு தெருவை அடைத்தால் அந்தத் தெருக்காரர்களுக்காகப் பேச வார்டு உறுப்பினர் இல்லை. மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அப்புறம் பஸ். 2020இல் மேட்டூர் அணை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12ஆம் தேதியே திறந்தது. குறுவை நடந்தது, கிராமத்தில் கொஞ்சம் காசு புழங்கியது. ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பஸ் ஓடவில்லை. செப்டம்பரில்தான் திரும்ப வந்தது. கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களுக்கு வாடிக்கையாளர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். கடையைத் திறக்க அனுமதித்துவிட்டு பஸ்ஸை நிறுத்தினால், துணிக்கடைக்காரர் கரண்ட் பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டெல்டா நகரங்களைப் பற்றி எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பா தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். 2020இல் பக்கத்து வண்டிக்காரருக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. ஏன் சார்?

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது பிரதமர் ஸ்வநிதி திட்டம். 2020 ஜூன் 1 அன்று தொடங்கியது. பிணை இல்லாமல் முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருடத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நகரத்தில் தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கான திட்டம் அது. அந்தத் தேதியில் விற்றார் என்பதை யார் சொல்வது? அங்கேதான் உங்கள் அப்பா விடுபட்டிருப்பார்.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரமும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, அடையாள அட்டையும் விற்பனைச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு நாளில் காய்ச்சலில் படுத்திருந்தவர், கோயில் திருவிழாவுக்குத் திருநாகேஸ்வரம் போயிருந்தவர், காலை நான்கு மணிக்கு விற்று ஏழு மணிக்கே வீடு திரும்பும் கீரைக்காரம்மா, இவர்களெல்லாம் பட்டியலில் வரமாட்டார்கள். பக்கத்து வண்டிக்காரர் அன்று நின்றிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியலில் இல்லாதவருக்கும் வழி இருந்தது. நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அதற்குச் சங்க உறுப்பினர் அட்டை, ஊரடங்கு நிவாரணம் வாங்கிய சான்று, அல்லது வியாபாரி என்று காட்டும் வேறு எந்த ஆவணமும் போதும் என்று வழிகாட்டுதலே சொன்னது. தினமும் தரைக்கடைக் குத்தகைதாரர் கிழித்துக் கொடுக்கும் சீட்டு அப்படி ஓர் ஆவணம். அதை வாங்கிக் கீழே போட்டுவிடுகிறோம். தயவுசெய்து சீட்டை வாங்குங்கள், தேதி தெரிகிற மாதிரி சேர்த்து வையுங்கள். இதைப் பலமுறை சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்தாயிரம் சின்னத் தொகை என்று சிலர் சொன்னார்கள். தண்டலில் 8,500 வாங்கி நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறவரிடம் கேளுங்கள், அது எவ்வளவு பெரியது என்று அவர் சொல்வார்.

திட்டம் இன்னும் முடியவில்லை. 2025இல் மாற்றியமைத்து, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் இப்போது 15,000, அடுத்து 25,000, பிறகு 50,000. அப்பாவை அழைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கேள்வி (மயிலாடுதுறை): உத்யம் பதிவுக்கு ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம். ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

கேள்வி (கும்பகோணம், மாநகராட்சிக் கடையில் உள்வாடகைக்கு இருப்பவர்): ஊரடங்கு மாத வாடகையை நான் முழுதாகக் கட்டினேன். தள்ளுபடி வந்தால் எனக்கு வருமா?

பதில்: வராது. மாநகராட்சியின் ஏட்டில் இருப்பது ஏலம் எடுத்தவரின் பெயர். எந்தச் சலுகையும் அவருக்குத்தான் போகும். அவர் மனசு வைத்தால் உங்களுக்கு வரும். கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் வேறொருவர் என்ற நிலை நம் ஊர் வணிக வளாகங்களில் நிறைய உண்டு. பேரிடர் வந்தால் நஷ்டம் உள்வாடகைக்காரருக்கு, நிவாரணம் ஏலக்காரருக்கு. குறைந்தபட்சம் கொடுக்கும் வாடகைக்கு ரசீது கேளுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். அப்புறம் கடன் கூடிப்போயிருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று இல்லை, சரியாக விளக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிப்போனது தவணைதான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அசலுக்கான வட்டி நிற்கவில்லை. உங்கள் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை போன கடனே தீராத நேரம் அது. குழுக் கடன் வாங்கிய பெண்களிடம் இதை உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை. நகராட்சியின் சமுதாய அமைப்பாளர்களை அதற்கு அனுப்பியிருக்கலாம்.

கேள்வி (திருச்சி, வெங்காய மண்டி): காந்தி மார்க்கெட்டை மூடி எங்களை ஜி கார்னர் மைதானத்துக்கு அனுப்பினார்கள். மழை பெய்தால் சேறு, கூரை கிடையாது. இதுதான் வியாபாரிகளுக்கு ஆதரவா?

இந்தக் கேள்விக்கு நான் எழுதும் முன்பே இருவர் பதில் போட்டுவிட்டார்கள். பொன்மலைவாசி ஒருவர், “கோயம்பேடு மாதிரி ஆகியிருந்தால் யார் பொறுப்பு?” என்கிறார். மார்க்கெட் வாசலில் பூ விற்கும் அம்மா, “மண்டிக்காரர் மைதானத்துக்குப் போய்விட்டார், நான் எங்கே போவது? என்னிடம் வாங்குகிறவர்கள் அங்கே வரமாட்டார்களே” என்கிறார்.

பதில்: மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் சமமான நியாயம் இல்லை.

கோயம்பேட்டை 2020 மே 5 அன்று மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்த சுமைப்பணித் தொழிலாளர்கள் ஊர் திரும்பி, அரியலூர், கடலூர் வரை தொற்று பரவிவிட்டது. லாரி, மூட்டை, ஏலம், நெரிசல் எல்லாம் ஓரிடத்தில் சேரும் மொத்த வியாபாரத்தை ஊர் நடுவிலிருந்து திறந்த வெளிக்கு மாற்றியது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தவறு எங்கே? திரும்பி வரும் நாளை எழுத்தில் கொடுக்கவில்லை. மண்டிக்காரர்களுக்கு ஏற்கெனவே ஊருக்கு வெளியே கட்டிய கள்ளிக்குடி சந்தை வளாகத்துக்குப் போகச் சொல்லி அழுத்தம் இருந்தது, அவர்கள் மறுத்து வந்தார்கள். கொரோனாவைச் சாக்கிட்டு நிரந்தரமாக வெளியேற்றுகிறார்களோ என்ற பயம் அதனால்தான் வந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

மண்டிக்காரர் மறுபடி எழுதுகிறார்: “சட்டப்படி எங்களை நகர்த்தவே கூடாது, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட சந்தை.” ஐயா, நீங்கள் சொல்லும் பாதுகாப்பு தெரு வியாபாரிகள் சட்டத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் இயல்பாக இயங்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என அறிவிக்க வேண்டும், அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்கிறது. அது பூக்காரம்மாவுக்கான பாதுகாப்பு. ஷட்டர் போட்ட மண்டிக்கு அல்ல.

பொன்மலைக்காரரே, உங்களுக்கும் ஒன்று. தொற்றைத் தடுக்க மொத்த வியாபாரத்தை ஓரிடத்தில் குவிக்காமலிருப்பது எவ்வளவு முக்கியமோ, சில்லறையை வார்டு வார்டாகப் பிரிப்பதும் அவ்வளவு முக்கியம். 2020இல் பல ஊர்களில் காய்கறிக் கடைகளைப் பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றினார்கள். 2021 மே மாத முழு ஊரடங்கில் தோட்டக்கலைத் துறை வண்டிகளில் காய்கறி தெருவுக்கே வந்தது. அந்த வண்டிகளில் விற்கும் வேலையை, தெருவை ஏற்கெனவே அறிந்த தள்ளுவண்டிக்காரர்களுக்கே பாஸ் கொடுத்து ஒப்படைத்திருந்தால் மக்களுக்குக் காய்கறியும், அவர்களுக்குப் பிழைப்பும் சேர்ந்து கிடைத்திருக்கும்.

அம்மா, உங்களுக்குத்தான் நேரடி பதில். அதே சட்டப்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்களை நகர்த்துவதென்றால் அந்தக் குழுவின் பரிந்துரையும் முப்பது நாள் நோட்டீஸும் வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த விவாதத்தை இங்கே நிறுத்துவோம். இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாச்சியார்கோயில், குத்துவிளக்குப் பட்டறை): கோயில்கள் மூடியிருந்தன, கல்யாணங்கள் சுருங்கின. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில்: அது 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவைக் கடன் இருந்தவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்த திட்டம். வங்கிக் கடன் இல்லாமல், பித்தளை வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து ஓட்டும் பட்டறைக்கு அதில் இடமே இல்லை. கடன் வாங்காமல் கண்ணியமாகத் தொழில் செய்தவர்கள் வெளியே நின்றார்கள். சுவாமிமலை சிற்பக் கூடங்களிலும் இதே கதைதான். புவிசார் குறியீடு இருந்தும் அந்த நேரத்தில் உதவவில்லை. இப்போது கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சம் 50,000. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஜிஎஸ்டி தாமதக் கட்டணம்...

பதில்: உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

கேள்வி (பாபநாசம்): ஸ்வநிதிக் கடன் தள்ளுபடி ஆகுமா?

பதில்: ஆகாது. கட்டினால்தான் அடுத்த கடன்.

கேள்வி (திருவையாறு): உத்யம் பதிவுக்கு ஆயிரம் ரூபாய்தான் கேட்கிறார்...

பதில்: மேலே மயிலாடுதுறை நண்பருக்குச் சொன்னதுதான். ஆயிரமும் வேண்டாம், நூறும் வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி): கடன் தள்ளுபடி பற்றி ஏதாவது தகவல் உண்டா சார்?

பதில்: பாபநாசத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். இதையே கேட்டு இன்னும் ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள். தள்ளுபடி வரும் என்று சொல்லி யாராவது ஆதார் நகலும் பணமும் கேட்டால் போலீஸில் சொல்லுங்கள்.

கேள்வி (கும்பகோணம், பாத்திரக்கடை): இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தொற்று வந்தால் நாங்கள் முன்கூட்டியே எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: இரண்டைக் கேளுங்கள். தெரு வியாபாரிகள் பட்டியலை வார்டு வாரியாக நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். விடுபட்டவர்களை அதிகாலை, மாலை இரு வேளையும் போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கடைகளை மூடவோ மாற்றவோ உத்தரவு போட்டால் எத்தனை நாளுக்கு என்று அதே உத்தரவில் எழுத வேண்டும் என மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வணிகர் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கொடுங்கள், தரைக்கடைக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.