பேச்சியம்மாள் என்கிற பச்சம்மா – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

மும்பையை ஒட்டிய மீரா ரோட்டிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது சங்கரன்கோவில், வளர்ந்தது தாராவி. போன மாதம் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு பெங்காலியை, வங்கதேசத்துக்காரரோ என்று சந்தேகப்பட்டு, போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றையும் காட்டினார். நான்கு நாள் கழித்துத்தான் விட்டார்கள். இப்போது அந்த பெங்காலி வெளியிலேயே வருவதில்லை. நாம் தமிழர்கள், நமக்கு அந்தப் பிரச்சினை வராது. இருந்தாலும் பயமாக இருக்கிறது. என் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் அண்ணன்கூட இப்போது பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறானாம். எந்த ஆவணம் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்? கெஜட்டில் பெயரைத் திருத்திவிடட்டுமா?

ம., மீரா ரோடு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் தகரப்பெட்டியைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டைக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள், பழைய காகிதங்களைத் தேடி எடு என்று தம்பி சொல்லியிருந்தான். பெட்டிக்குள் அம்மா மூன்று பேராக இருந்தாள். 1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைகளை எண்ணிக் கொடுத்த போட்டோ பாஸில் பச்சம்மா. ரேஷன் கார்டில் பிச்சம்மா. வாக்காளர் பட்டியல் நகலில் 'பேச்சி அமல்', பாலினம் ஆண். அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். அவள் இருந்திருந்தால் இந்த ஆம்பளை யாருடி என்று கேட்டிருப்பாள்.

அண்ணன் விஷயத்தை விடுங்கள். அவர் பயம் நியாயம்தான். அங்கே குடியேற்ற அதிகாரிகள் 170-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடிமக்களைப் பிடித்து வைத்ததை புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. ஆனால் அவருக்கு வக்கீலும் இருக்கிறார், காரும் இருக்கிறது. சமாளித்துக்கொள்வார்.

என் ஆற்றாமை இந்தப் பெயர் விஷயத்தில்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். அவள் வாயால் சொன்னாள், மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதினார்கள். மராத்தியிலும் இந்தியிலும் எ, ஒ என்ற குறில்களுக்குத் தனி எழுத்து புழக்கத்தில் இல்லை. செல்வி அங்கே சேல்வி ஆவாள், பொன்னி போன்னி ஆவாள். பழனி எப்போதுமே பலனிதான். இதற்கு மேல் இனிஷியல் கூத்து. வரிசையில் நம் முறை வந்ததும் முதல் கேள்வி, 'ஆட்நாவ்?' மராத்தியில் குடும்பப் பெயர். நமக்கு ஏது ஆட்நாவ்? சிலர் சாதியைச் சொன்னார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் ஊரை. எங்கள் சந்தில் ஒருவர் பதறிப்போய் 'மதராஸ்' என்று சொல்லிவிட்டார். அவர் பேரன் இன்றைக்கும் அந்த ஆட்நாவோடுதான் வங்கியில் வேலை பார்க்கிறான். என் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் எனக்கும், என் பெயர் அப்பாவுக்கும் இருக்கிறது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். எட்டாவது முறை போகவில்லை.

பேனா அவர்களுடையது, பிழையும் அவர்களுடையது. நாற்பது வருடம் கழித்து 'ஏன் இது மாறுகிறது?' என்ற கேள்வி மட்டும் நம்மிடம் வருகிறது. எழுதின கை எங்கே என்று யாரும் தேடுவதில்லை. பெருவிரல் வைத்தவளைத்தான் தேடுகிறார்கள். இதை நான் பத்து வருடமாகச் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அசாம்காரர் ஒருவரின் வழக்கு. பெயரின் எழுத்து மாறுவதையும் தேதி கொஞ்சம் முன்பின்னாக இருப்பதையும் வைத்து ஒருவரை அந்நியராக்க முடியாது, சந்தேகப்படும் அதிகாரியின் கையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும் என்றார்கள். அவர் இந்தியர்தான் என்று தீர்ப்பு வந்தது. கேட்க அவர் உயிரோடு இல்லை.

எந்த ஆவணம் என்று கேட்டீர்கள். ஆதார் இங்கே வசிப்பவருக்குக் கொடுப்பது, அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. பான், வாக்காளர் அட்டை இரண்டையும் சேர்த்து பம்பாய் உயர் நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் அப்படித்தான் சொன்னது. நீ அந்நியன் இல்லை என்று நீயே நிரூபி என்ற விதி 1946 வெளிநாட்டினர் சட்டத்தில் இருந்தது, 2025-ல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பே போதும் என்பார்கள். பிறந்ததற்கு என்ன சாட்சி? நம் வீடுகளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெயர் வைக்கும் முன்பே பதிவேட்டில் ஏறியாகிவிடும். நீங்கள் 'பெண் குழந்தை'யாக நின்றுபோனது அப்படித்தான்.

இனி திட்டப்போகிறேன். 'நாம் தமிழர்கள், நமக்கு அந்தப் பிரச்சினை வராது' என்று எழுதியிருக்கிறீர்களே, தாராவியில் வளர்ந்த பிள்ளைதானா நீங்கள்? 1960களின் கடைசியில் இதே மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராக 'புங்கி பஜாவ், லுங்கி ஹடாவ்' என்று கோஷம் போட்டார்கள். அந்த நாளில் அப்பா வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, யாரிடமோ வாங்கிய தொளதொள பேன்ட்டை மாட்டிக்கொண்டுதான் மாட்டுங்கா போவார். ஒரு நாள் ரயிலில் 'அப்பா, பசிக்கு' என்றேன். தொடையில் கிள்ளினார். வலித்தது, அழுதேன். தமிழில் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வாயையும் பொத்தினார். அந்த ரயில் பெட்டியில் யாரும் எங்களிடம் ரேஷன் கார்டு கேட்கவில்லை. காதில் விழுந்ததே போதுமாக இருந்தது.

உங்கள் கீழ்வீட்டுக்காரருக்கு நடந்ததும் அதுதான். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்தில் பேசும் பேச்சும் எல்லைக்கு அந்தப் பக்கம் பேசும் பேச்சும் ஒன்றுபோல இருந்தால் அவர் என்ன செய்வார்? தலைமன்னாரில் பேசுவதும் ராமேஸ்வரத்தில் பேசுவதும் தமிழ்தானே. இலங்கையில் 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டு, உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த தகப்பனுக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? 1964-ல் இரண்டு அரசும் உட்கார்ந்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளட்டும் என்று தலை எண்ணிப் பிரித்தன. 'கள்ளத்தோணி' என்ற சொல் நமக்குத்தான் அங்கே கிடைத்தது. அதை மறந்துவிட்டு இங்கே இன்னொருவரை பெங்காலி, பெங்காலி என்கிறோம்.

கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உங்கள் பெயரில் எழுத்து மாறியதற்கு அவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கீழ்வீட்டுக்காரரின் பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறீர்கள், தெரியாதா? கோபப்படாதீர்கள், உங்கள் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன்.

கதவைத் தட்டுங்கள். 2025 மேயில் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, சந்தேகம் என்று பிடித்தவரைப் பற்றிச் சொந்த மாவட்டத்திலிருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்தப் பதில் யாராவது போன் பண்ணி விரட்டினால்தான் வரும். அவர் ஊர்க் காவல் நிலையத்தின் எண், பஞ்சாயத்துக்காரரின் எண், அவர் அப்பாவின் நிலப் பத்திர நகல், இவையெல்லாம் அவரைத் தவிர இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். அந்த இன்னொருவராக நீங்கள் இருக்கலாம். 2025 ஜூனில் மும்பைப் பக்கம் பிடிபட்ட மேற்கு வங்கத் தொழிலாளர்கள் சிலரை எல்லைக்கு அப்பால் தள்ளியே விட்டார்கள். அவர்களுடைய மாநிலத்துக்காரர்கள் காகிதத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள். உங்கள் ஆள் நான்கு நாளில் வந்தது அதிர்ஷ்டம்.

கெஜட் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா, மறந்தே போனேன். முதலில் சங்கரன்கோவிலில் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்கப் பாருங்கள். மற்றது அப்புறம், ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு.

நேற்று ராத்திரி தம்பி கூப்பிட்டான், படிவத்தில் அம்மா பெயரை எப்படி எழுத என்று. மூன்றையும் எழுது, நடுவில் 'என்கிற' போட்டுக்கொள் என்றேன். பேச்சியம்மாள் என்கிற பச்சம்மா என்கிற பிச்சம்மா. அமலை என்ன செய்ய என்றான். அவரையும் சேர்த்துக்கொள், ஆம்பளை ஒருத்தர் கூட இருந்தால் நல்லதுதானே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான், கட்டம் அவ்வளவு இல்லை அக்கா.

அன்புடன்,
அக்கா