ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பழைய காரில் இப்போதைய பெட்ரோலைப் போட்டால் இன்ஜின் கெட்டுவிடுமா?

போடலாம். 1960களில் வந்த என் காரைப் பல வருடங்களாக இந்தப் பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். ஆனால் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது உட்காரும் சீட்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

1920களில் பெட்ரோலில் ஈயம் சேர்க்க ஆரம்பித்தது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் முறையில்லாமல் வெடித்து இன்ஜின் தட்டுவதை, தடுக்கத்தான். அது எரிந்து சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் நேராக மோதாமல் காத்தது கூடவே கிடைத்த பலன். அந்தப் படலம் இல்லாவிட்டால், பழுக்கக் காய்ந்த வால்வு மூடும்போது சீட்டோடு துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது இரும்பைப் பிய்த்துக்கொண்டு வரும். சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்துபோகும். இன்டேக் வால்வை அதன் வழியாக உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவையே குளிர்வித்துவிடுவதால் அங்கே பயமில்லை.

வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே (இன்ஜினின் மேல்மூடி) சீட்டைக் கடைந்திருந்தால்தான் இந்தத் தேய்மானம் அதிகம். அலுமினிய ஹெட்டில் சீட் தனி வளையமாக இருக்கும், பெரும்பாலும் தாங்கிவிடும். அப்புறம், ஓட்டும் விதம். நிதானமாக ஓட்டினால் தேய்மானம் தெரியவே வெகுநாள் ஆகும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக உச்ச வேகத்தில் விரட்டினால் சீக்கிரம் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் குழிந்தால் வால்வு மேலேறும், டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) குறையும், சத்தமும் அடங்கும். என் காரில் சத்தம் அடங்கியபோது இன்ஜின் நன்றாகிவிட்டது என்றே நினைத்தேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை! அப்படியே விட்டிருந்தால் வால்வு முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் போய், கருகியிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அளக்கும்போதும் நோட்டில் குறித்துவைக்கிறேன். திருத்திவைத்த இடைவெளி சீக்கிரமே மறுபடி குறைகிறது என்றால் சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

நன்றாக ஓடும் இன்ஜினின் ஹெட்டை இதற்காகவே கழற்றாதீர்கள். வேறு வேலைக்குக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் போட்டுவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது. அதுவரை ஈயத்துக்குப் பதிலான திரவம் ஊற்றலாம், ஆனால் இரண்டு வகையைக் கலக்க வேண்டாம்.

ஏற்றத்தில் நாக்கிங் கேட்டால் ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போடுங்கள், இல்லையென்றால் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி விரிசல் விட்டுக் கசியும். சூடான எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் பெட்ரோல் கசிவது தீ விபத்தில் முடியும். முதலில் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், சீட் காத்திருக்கும்.