லூயிஸ் எடுத்ததும் விட்டதும்

கேள்வி: அலமாரிக்குள் நுழைந்தால் வேறோர் உலகம் என்ற கற்பனையை சி. எஸ். லூயிஸ், ஈடித் நெஸ்பிட்டின் சிறுகதை ஒன்றிலிருந்து திருடிவிட்டார் என்கிறார்களே? அது உண்மையானால் நார்னியா கதைகளை நாம் ஏன் இன்னும் கொண்டாட வேண்டும்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: திருடியவர் எவரும் களவு கொடுத்த வீட்டின் முகவரியைத் தன் வாசலில் எழுதி மாட்டுவதில்லை. லூயிஸ் மாட்டியிருக்கிறார். 1955இல் வந்த ‘மந்திரவாதியின் மருமகன்’ என்ற நார்னியா நாவலின் தொடக்கத்திலேயே, இந்தக் கதை நடந்த காலத்தில் பாஸ்டபிள் குடும்பத்துப் பிள்ளைகள் லூயிஷம் சாலையில் புதையல் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்கிறார். அந்தப் பிள்ளைகள் 1899இல் வெளிவந்த நெஸ்பிட் நாவலின் நாயகர்கள். இவ்வளவு வெளிப்படையாகக் கடனை ஒப்புக்கொண்டவரைத் திருடர் என்பது நியாயமன்று.

அலமாரி விஷயம் உண்மைதான். நெஸ்பிட்டின் கதையில், தண்டனையாக விருந்தினர் அறையில் தனியே விடப்பட்ட அமாபெல் என்ற சிறுமி அங்கே கிடக்கும் ரயில் கால அட்டவணையைப் புரட்டுகிறாள். அதில் அந்த அறையின் பெரிய அலமாரியே ஒரு நிலையத்தின் பெயராக அச்சாகியிருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே ரயில் நிலையம். 1950இல் வெளிவந்த லூயிஸின் முதல் நார்னியா கதையிலும் லூசி என்ற சிறுமி விருந்தினர் அறை அலமாரி வழியாகத்தான் நார்னியா என்ற மந்திர உலகத்துக்குப் போகிறாள். அங்கே அவளைச் சந்திக்கும் ஆட்டுக்கால் மனிதர் அந்த அறையை ஒரு தூர தேசம் என்றும் அலமாரியை அதன் நகரம் என்றும் எடுத்துக்கொள்கிறார். அதே கதையில் பனிச்சறுக்கு வண்டியில் வந்து ஒரு சிறுவனை மயக்கும் வெள்ளைச் சூனியக்காரிக்குப் பின்னால் டென்மார்க்கின் கதாசிரியர் ஆண்டர்சனின் பனி அரசி (1844) நிற்கிறாள் என்பதும் வாசிக்கும் எவருக்கும் தெரியும். நெஸ்பிட்டும் வெறும் கையோடு வந்தவர் அல்லர். அன்றாட லண்டன் வாழ்க்கைக்குள் மந்திரத்தை இறக்கிக் குழப்பம் விளைவிக்கும் வித்தையை அவருக்கு முன்பே எஃப். ஆன்ஸ்டி, குப்பிக்குள் அடைபட்ட பூதத்தைப் பற்றிய 1900ஆம் ஆண்டு நாவலில் செய்து காட்டிவிட்டார். அந்த நாவல் 1964இல் ஹாலிவுட் படமாகி, அதன் வழியே 1967இல் நமக்குப் ‘பட்டணத்தில் பூதம்’ ஆனது.

எனக்கு லூயிஸிடம் உள்ள குறை அவர் எடுத்ததைப் பற்றியதன்று, விட்டதைப் பற்றியது. அலமாரியோடு ஒப்பீட்டை முடித்துக்கொள்கிறவர்கள் நெஸ்பிட்டின் ‘தாயத்தின் கதை’யை (1906) படிப்பதில்லை; எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இந்த ஆதங்கம் தீராது. அதில் பாபிலோனிய ராணி லண்டனுக்கு வந்துவிடுகிறாள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நகைகள் தன்னுடையவை என்று கேட்டுத் தகராறு செய்கிறாள். குதிரை வண்டியில் மைல் எண்ட் சாலை வழியே போகும்போது, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு பராமரிப்பில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று குழந்தைகளைக் கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் அல்லர், தொழிலாளர்கள் என்கிறார்கள் குழந்தைகள். அப்படியானால் ஏன் கலகம் செய்யவில்லை? அவர்களிடம் ஓட்டு இருக்கிறது என்று பதில் வருகிறது. ஓட்டு என்பது மந்திரமா, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று அவள் விசாரிக்க, குறிப்பாக எதுவும் செய்வதில்லை என்கிறார்கள். ஒரு வகை விளையாட்டுப் பொருள்தான் என்று அவள் புரிந்துகொள்கிறாள். 1884இல் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நெஸ்பிட், பிள்ளைகளுக்கான நாவலில், கதையின் ஓட்டம் ஒரு கணமும் தடைபடாமல், இதை எழுதினார்.

‘மந்திரவாதியின் மருமகன்’ நாவலில் வேற்றுலக ராணியான ஜேடிஸும் இதே வழியில் லண்டனுக்கு வந்து நகைக்கடையைச் சூறையாடி, குதிரை வண்டியின் மேல் நின்றபடி தெருவைக் கலக்குகிறாள். ஆனால் பாபிலோன் ராணிக்கு அடிமைகளின் பசி கண்ணில் பட்டது; ஜேடிஸுக்கோ குடிமக்கள் தன் விருப்பத்தை நிறைவேற்றப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். ராணியைக் கொடுங்கோலியாக மாற்றியதில் கதைக்குப் பயங்கரம் கிடைத்தது. அந்தக் கேள்விகள் காணாமற்போயின. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஈடாக லூயிஸ் தந்தது ஒன்று உண்டு. ஜேடிஸ் லண்டன் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒரு இரும்புத் துண்டை முறித்தெடுக்கிறாள்; அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் நார்னியாவில், அந்த உலகைப் படைக்கும் சிங்கத்தின் மேல் அதை எறிகிறாள்; எதை நட்டாலும் வளரும் அந்தப் புது மண்ணில் அது முளைத்து, எரியும் விளக்குக் கம்பமாகிவிடுகிறது. முதல் கதையில் நடுக்காட்டில் லூசி கண்ட விளக்கு எப்படி வந்தது என்பதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் சொன்ன விடை இது. இப்படி ஒரு காட்சி நெஸ்பிட்டிடம் இல்லை. நார்னியாவை நான் கொண்டாடுவதற்கு இதுவே போதும்; நீங்கள் அதைக் கொண்டாடுவதா வேண்டாமா என்பதை, மைல் எண்ட் சாலைப் பக்கங்களையும் படித்த பிறகு முடிவுசெய்யுங்கள்.