ரிசப்ஷன் மேசைக்கு எந்த மாதிரி பூ அலங்காரம் பொருந்தும்?

ரிசப்ஷன் மேசை நடுவே வைக்கும் பூ அலங்காரம் உயரமாக இருக்கலாமா, தாழ்வாகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான், இடைப்பட்ட உயரம்தான் ஆகாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கக் கொத்தின் இரண்டு பக்கமும் கழுத்தை வளைத்துக்கொண்டே பேச வேண்டியிருக்கும். தாழ்வாக வைப்பதென்றால், மேசையில் முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். பூ விரல் நுனியைத் தாண்டக் கூடாது. உயரம்தான் வேண்டுமென்றால் ஒல்லியான ஸ்டாண்டில் 60 செ.மீ.க்கு மேல் தூக்கிவிடுங்கள். கூரை தாழ்ந்த ஹாலுக்கு அது எடுபடாது.

நீள மேசைக்கு ஒரே பெரிய கொத்தைவிடச் சின்னக் குடுவைகளை வரிசையாக வைப்பது அழகு. வட்ட மேசையில் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்குங்கள். தட்டுக்கும் டம்ளருக்கும் இடம் வேண்டாமா?

சம்பங்கி மாதிரி வாசனை தூக்கலான பூ மேடைக்குச் சரி, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். லில்லி வைத்தால், மொட்டு விரிந்ததும் உள்ளே ஆடும் பழுப்பு நிற மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூள் பட்டுப்புடவையில் ஒட்டினால் லேசில் போகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் குறைந்தாலே துவண்டுவிடும், அதனால் வெட்டவெளி விருந்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ரோஜா, கார்னேஷன், சாமந்தி தாங்கும்.