விண்வெளிப் படையில் சேரத் துடிக்கும் மகளும் பந்திங் அக்காவும்

அக்கா, மகள் விண்வெளிப் படையில் சேர வழியுண்டா என்று அன்று கடையில் கேட்டீர்கள். ரொட்டி சானாய் ஆறியதுதான் மிச்சம், உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கசப்பானது. மகள் கைப்பேசியில் பார்ப்பது அமெரிக்காவின் விண்வெளிப் படை. நம் அடையாள அட்டையோடு அதில் சேர வழியில்லை. மலேசியாவில் அப்படியொரு தனிப் படையும் கிடையாது.

ஆனாலும் அந்தப் படையை அவள் கவனிப்பது நல்லதுதான். 2019 டிசம்பரில் அது தொடங்கியபோது பெரும்பாலோர் விமானப்படையிலிருந்து வந்தவர்கள். பிறகு தரைப்படை, கடற்படை ஆட்களும் மாறி வந்தார்கள். ஆளுக்கொரு பழக்கம், ஆளுக்கொரு பேச்சு. 2020இல் எல்லாருக்கும் 'கார்டியன்' (காவலர்) என்று பொதுப்பெயர் வைத்தார்கள். புதுச் சீருடையும் வந்தது. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. 2024இல் செய்ததுதான் உருப்படியான வேலை. புது அதிகாரிகள் அனைவருக்கும் ஓராண்டுப் பயிற்சி. செயற்கைக்கோளை இயக்குவது, உளவு, சைபர் எனும் கணினி வலைப் பாதுகாப்பு மூன்றையும் எல்லாரும் படிக்க வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞை திடீரென்று தடுமாறினால், அது கருவிக் கோளாறா, சூரியப் புயலா, எதிரியின் வேலையா என்று சட்டென்று முடிவு செய்யவேண்டுமே. அடுத்தவர் வேலை புரியாதவர்கள் அங்கே உட்கார்ந்து என்ன பேசுவார்கள்?

நம் ஊரிலும் இதே கதைதான். மூன்று தோட்டத்து ஆட்களை ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், குடிவைத்தபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கோயிலுக்குப் பெயர்ப்பலகை ஒன்று, உபயம் மூன்று. அன்னதானத்துக்குச் சேர்ந்து காய் நறுக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சுவார்த்தையே வந்தது.

நம் வழிக்கு வருகிறேன். பந்திங் வட்டாரத்திலேயே தேசிய விண்வெளி மையம் இருக்கிறது. அதை நடத்தும் மலேசிய விண்வெளி நிறுவனமும் 2019இல் இரண்டு அமைப்புகளை இணைத்து உருவானதுதான். ராணுவம்தான் வேண்டும் என்றால் கோலாலம்பூர் சுங்கை பீசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து பொறியியல் படித்துவிட்டு மலேசிய ஆகாயப் படைக்கு முயலலாம். இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாமல் இந்தப் பேச்சே வேண்டாம்.

பெண் பிள்ளை, தூரம், மற்ற இனத்தவரோடு எப்படி ஒட்டுவாள் என்று பயந்தீர்கள். முதலிரண்டும் பழகிப்போகும். மூன்றாவதை நானும் யோசிக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே சுற்றுகிறாளா, சாரணர் போன்ற பள்ளிச் சீருடை இயக்கத்தில் மலாய், சீனத் தோழிகளோடு முகாமுக்குப் போயிருக்கிறாளா? எனக்கு அவளுடைய மதிப்பெண்ணைவிட அதுதான் முதலில் தெரியவேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்பாடச் சான்றிதழ்களோடு அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். நீங்களும் வந்தால் எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.