பதவி முடிந்து போகும் ஆளுநரை எதை வைத்து மதிப்பிடுவது? உதாரணமாக, பன்வாரிலால் புரோகித்தின் தமிழ்நாட்டுக் காலம் எப்படி?

நேராகச் சொன்னால்: பேச்சை விடுங்கள், கோப்பில் இருக்கும் தேதிகளைப் பாருங்கள். எந்தக் கோப்பு எந்த நாளில் அப்போது ராஜ்பவன் எனப்பட்ட ஆளுநர் மாளிகைக்குள் போனது, எந்த நாளில் வெளியே வந்தது, அரசியலமைப்பின் எந்தப் பிரிவைச் சொல்லி வந்தது. இந்த மூன்றும் கையில் இருந்தால் ஆளுநரைப் பற்றிய தீர்ப்பில் முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. புரோகித் இதற்கு வாகான உதாரணம். 2017 அக்டோபர் 6-ஆம் தேதி பதவியேற்று 2021 செப்டம்பர் வரை இங்கே இருந்தார். பிறகு அதே மனிதர் பஞ்சாப் ஆளுநராகப் போனார். ஒரே ஆள், இரண்டு மாநிலம், இரண்டு வகை அரசு. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது.

முதலில் எவற்றையெல்லாம் ஆளுநர் கணக்கில் எழுதக்கூடாது என்று பிரித்துவிடலாம். ஒவ்வொரு அரசாணையின் அடியிலும் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும். அது செயலாளர் கையெழுத்திடும் ஆணை. ஆளுநர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். அடுத்து, "இத்தனை மசோதாக்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்" என்ற எண்ணிக்கை. இதில் நிதி ஒதுக்க மசோதாக்களும் கலந்திருக்கும். அவை பண மசோதாக்கள், பிரிவு 200-இன்படி அவற்றைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பவே முடியாது. மறுக்க இடமில்லாத ஒன்றில் ஒப்புதல் கொடுத்ததைச் சாதனையாக எண்ணினால் எல்லா ஆளுநரும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிடுவார்கள். மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மசோதா நிலைக்க வேண்டுமென்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போய்த்தான் தீரவேண்டும். அது தில்லியில் கிடந்த காலத்தையும் ஆளுநர் தலையில் கட்டக்கூடாது. அவரிடம் வந்ததிலிருந்து தில்லிக்கு அனுப்பியது வரையிலான நாள்கள் மட்டும்தான் அவர் கணக்கு.

சட்டமான மசோதாக்களின் தேதியைக் கண்டுபிடிப்பது சுலபம். தமிழ்நாடு அரசிதழின் பகுதி 4-இல், பிரிவு 1 மசோதாக்களுக்கு, பிரிவு 2 சட்டங்களுக்கு. சட்டம் வெளியாகும்போது அதன் தலைப்பிலேயே எந்த நாளில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். தில்லிக்குப் போய் வந்ததென்றால் அந்த வரியில் குடியரசுத் தலைவர் என்றிருக்கும். பேரவையில் நிறைவேறிய நாளுக்கும் இந்தத் தேதிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பேரவையில் நிறைவேறிய அன்றே மசோதா ஆளுநர் மாளிகைக்குப் போய்விடாது, சட்டத்துறை வழியாகத்தான் போகும். அந்த நாள்களைக் கழிக்க வேண்டும்.

அரசிதழுக்கே வராத மசோதாக்கள்தான் சிக்கல். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். கேள்வியைக் கேட்கிற விதம் முக்கியம். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "மசோதா பெறப்பட்ட நாள், திருப்பி அனுப்பிய நாள், குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய நாள்" என்று மூன்று தேதியை மட்டும் கேட்டால் நழுவ இடம் குறைவு.

இனி புரோகித்தின் தேதிகள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா 2020 செப்டம்பர் 15-இல் நிறைவேறியது. அக்டோபர் நடுவில் நீட் முடிவுகள் வந்துவிட்டன, கலந்தாய்வு தொடங்க வேண்டும், ஒப்புதல் வரவில்லை. அமைச்சர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். இன்னும் மூன்று, நான்கு வாரம் வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவருக்கு ராஜ்பவனிலிருந்து பதில் கடிதம் போனது. அக்டோபர் 29-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு பிரிவு 162-இன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் 30-ஆம் தேதி ஒப்புதல் வந்தது. மத்திய அரசின் சட்ட அதிகாரியான சொலிசிட்டர் ஜெனரலிடம் கேட்ட சட்டக் கருத்து 29-ஆம் தேதிதான் கிடைத்தது என்று விளக்கமும் வந்தது. மொத்தம் 45 நாள். எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் கலந்தாய்வு நாள்காட்டியை வைத்துப் பார்த்தால், இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சட்டம் இருந்தும் இல்லாத கதைதான். தாமதத்தை நாள்கணக்கில் மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

அடுத்தது தண்டனைக் குறைப்புக் கோப்புகள். புரோகித்தை எடைபோட என்னைக் கேட்டால் இதுதான் சரியான தராசு. 2018 செப்டம்பர் 9-இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த ஏழு பேரையும் பிரிவு 161-இன் கீழ் விடுவிக்க அமைச்சரவை பரிந்துரைத்தது. இந்த அதிகாரத்தில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1980-இன் மாரூராம் தீர்ப்பிலிருந்தே நிலைபெற்ற சட்டம். கோப்பு அசையவில்லை. சதியை விசாரிக்கும் பல்நோக்குக் கண்காணிப்பு முகமையின் அறிக்கைக்குக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்த விசாரணைக்கும் அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளன் கேட்கும் நிவாரணத்துக்கும் தொடர்பில்லை என்று 2020 நவம்பரில் சிபிஐயே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கடைசியில் 2021 ஜனவரி 25-இல், முடிவெடுக்கத் தகுந்தவர் குடியரசுத் தலைவர்தான் என்று கோப்பைத் தள்ளிவிட்டார். இரண்டு ஆண்டு, நான்கரை மாதம். "எனக்கு அதிகாரமில்லை" என்று சொல்ல இவ்வளவு காலம் தேவையா? அதுதான் அவர் கருத்தென்றால் முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கலாமே. 2022 மே 18-இல் பேரறிவாளனை விடுவித்த உச்ச நீதிமன்றம், இப்படிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்கு அரசியலமைப்பில் ஆதாரமே இல்லை என்று எழுதியது.

இதன் பக்கத்தில் இன்னொரு கோப்பை வைத்துப் பாருங்கள். 2000-இல் தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தை எரித்து மூன்று மாணவிகள் உயிரிழந்த வழக்கு. அதில் ஆயுள் கைதிகளாக இருந்த மூன்று அதிமுகவினரை விடுவிக்கும் பரிந்துரை அதே ஆளுநரிடம், அதே 2018-இல் போனது. முதலில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அரசு மீண்டும் அனுப்பியது. கையெழுத்திட்டார். நவம்பர் 19-இல் மூவரும் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். ராஜீவ் வழக்கு மத்திய முகமை விசாரித்தது, அதனால் வேறு என்று வாதாட இடமுண்டு. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது நடைமுறை. திருப்பி அனுப்பு, மீண்டும் வந்தால் கையெழுத்திடு என்ற வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதே பருவத்தில் நடந்தும் காட்டியிருக்கிறார். ஏழு பேர் கோப்பில் அந்த வழியில் அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். இங்கே தொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர் வகிக்கும் வேந்தர் பதவி அரசியலமைப்பு தந்ததில்லை, மாநிலச் சட்டங்கள் தந்தது. புரோகித் காலத்தில் துணைவேந்தர் பதவிக்கு மூன்று பேர் தேடுதல் குழு மூன்று பெயரைக் கொடுத்தது, வேந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே இதில் கிடைக்கும் பாராட்டும் திட்டும் பெரும்பாலும் அவருக்கே.

அவர் வந்தபோது வீடு நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பணி நியமனத்துக்கு லஞ்சம் வாங்கிய வழக்கில் கைதானார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் புரோகித் வருவதற்கு முன் நடந்த துணைவேந்தர் நியமனத்தை 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தப் பின்னணியில், கோடிகள் கைமாறின, நான் தகுதி பார்த்து நியமித்தேன் என்று 2018 அக்டோபரில் அவர் பேசியது பெரும் செய்தியானது. பஞ்சாபுக்குப் போன பிறகு 2022-இல், தமிழ்நாட்டில் துணைவேந்தர் பதவி 40, 50 கோடிக்கு விற்கப்பட்டது என்றும், தான் 27 பேரைச் சட்டப்படி நியமித்ததாகவும் சொன்னார். இப்படிப்பட்ட பேச்சுக்கு மதிப்பெண் போடும் முன் ஒன்று கேட்க வேண்டும்: வேந்தரே இதைச் சொல்கிறார், யார் மீது எந்த வழக்குக்கு அனுமதி கொடுத்தார், எந்தப் புகாரை யாருக்கு அனுப்பினார்? மேடையில் வந்த தொகைக்குப் பின்னால் கோப்பு எண் இல்லையென்றால் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

நியமனங்களிலும் இரண்டு பக்கம் உண்டு. காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 2018 ஏப்ரலில் கர்நாடகத்தைச் சேர்ந்த சூரப்பாவை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நியமித்தார். வெளிமாநிலத்தவர் என்பதே குற்றமாகாது. ஆனால் அரசும் துணைவேந்தரும் பேச முடியாத நிலை முற்றி, 2020 நவம்பரில் அரசு அவர்மீது ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கும் வரை போனது. வேந்தரின் தேர்வைச் சோதிக்கும்போது ஆளின் கல்வித் தகுதியோடு, அவர் காலத்தில் பல்கலைக்கழகம் எத்தனை மாதம் சண்டையில் கழித்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

மாவட்ட ஆய்வுகள் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசினார்கள். 2017 நவம்பரில் கோவையில் அதிகாரிகளைக் கூட்டி ஆய்வு, திமுகவின் கறுப்புக்கொடி, 2018 ஜூனில் ஆளுநர் பணியைத் தடுத்தால் இந்தியத் தண்டனைச் சட்டம் 124-இன் கீழ் ஏழாண்டு வரை சிறை என்று ராஜ்பவன் அறிக்கை. மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணையிட ஆளுநருக்கு அதிகாரமில்லை, தகவல் கேட்கும் உரிமை பிரிவு 167-இன்படி முதலமைச்சர் வழியாகத்தான். ஆனால் அந்த ஆய்வுகளால் எந்த அரசாணையும் மாறியதாகத் தெரியவில்லை. சத்தம் பெரிது, தடயம் சிறிது. அதே 124-ஐ வைத்து 2018 அக்டோபரில் நக்கீரன் இதழாசிரியர் கோபாலைக் கைது செய்ததும், எழும்பூர் நீதிமன்றம் அவரைக் காவலுக்கு அனுப்ப மறுத்ததும் கனமான தடயம்.

பணத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆளுநர் அலுவலகச் செலவு பிரிவு 202-இன்படி மாநில நிதித் தொகுப்பிலிருந்து நேரடியாகப் போவது, பேரவையில் வாக்கெடுப்பு கிடையாது. அதனால் மானியக் கோரிக்கை விவாதத்தில் தேடினால் கிடைக்காது, பட்ஜெட் ஆவணத்தில் தனித் தலைப்பில்தான் தேட வேண்டும். அவர் காலத்தில் ஆளுநர் தன் விருப்பப்படி செலவிடும் விருப்புரிமை நிதி 50 லட்சத்திலிருந்து 5 கோடியாக ஏறியது என்றும், அதில் பெரும் தொகை அட்சய பாத்திரா உணவுத் திட்டத்துக்குப் போனது என்றும் 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேரவையில் சொன்னார். உயர்த்திக் கொடுத்தது அன்றைய மாநில அரசுதான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இங்கேதான் பஞ்சாப் உதவுகிறது. தமிழ்நாட்டில் அவர் காலத்தின் பெரும்பகுதி ஆட்சியிலிருந்தது தில்லியோடு முட்டிக்கொள்ள விரும்பாத அதிமுக அரசு. தாமதம் நடந்தாலும் அந்த அரசு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ராஜீவ் வழக்கில் போனது கைதிதான், அரசு அல்ல. பஞ்சாபில் ஆம் ஆத்மி அரசு நேராக உச்ச நீதிமன்றம் போனது. பேரவையைக் கூட்டும் பரிந்துரையில் இழுத்தடித்தது 2023 பிப்ரவரியில் அங்கே போன பிறகே தீர்ந்தது. ஜூன் 19, 20 தேதிகளில் நடந்த கூட்டமே செல்லாது என்று நான்கு மசோதாக்களை அவர் நிறுத்தி வைத்தபோது, நெருப்போடு விளையாடுகிறீர்கள் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் வாய்மொழியாகவே எச்சரித்தார். 2023 நவம்பர் 10 தேதியிட்ட தீர்ப்பு சொன்னது இதுதான்: ஒப்புதலை நிறுத்தினால் மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், கையில் வைத்துக்கொண்டே கொல்ல முடியாது. தீர்ப்பில் எதிர்மனுதாரராக ஆளுநரின் பெயர் இருக்காது, முதன்மைச் செயலாளர் என்றுதான் இருக்கும். பிரிவு 361 தரும் பாதுகாப்பு அது. பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள் இதனால்தான் தவறவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் தேதிக்கு மூன்று நாள் கழித்து, நவம்பர் 13-இல், புரோகித்துக்குப் பின் சென்னை வந்த ஆர்.என். ரவி பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். 18-இல் பேரவை அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அந்தப் பத்தில் இரண்டு 2020 ஜனவரியைச் சேர்ந்தவை: மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் ஆய்வு செய்யும், விசாரிக்கும் அதிகாரம் குறித்த திருத்தங்கள். அதிமுக அரசு கொண்டுவந்தவை, புரோகித்தின் மேசையில் இருபது மாதம் கிடந்தவை. ஒப்புதல் இல்லை, மறுப்பு இல்லை, திருப்பியும் அனுப்பவில்லை. போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது, சில நாளில் அவை அரசிதழில் சட்டங்களாக வந்தன. அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கருதப்படும் ஒப்புதல் என்பதும் நீதிமன்றம் கெடு விதிப்பதும் கூடாது என்று கருத்துச் சொன்னது. திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ள முடியாது என்ற பஞ்சாப் தீர்ப்பின் பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறது. புரோகித் பெயரால் சட்டப் புத்தகத்தில் தங்கப்போவது அந்த ஒரு வரிதான், அதுவும் அவர் தோற்ற வழக்கில்.